டேப்லெட்டில் ஸ்கேன் பார்க்கும்போது எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரவுப் பணியில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் வீட்டிலிருந்தபடியே ஐபேடிலோ வேறு டேப்லெட்டிலோ சிடி, எம்ஆர்ஐ படங்களைத் திறந்து பார்த்து, அவசரப் பிரிவுக்கு முதற்கட்ட முடிவைச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. இந்த வழிமுறை அவருக்காகவும், மறுமுனையில் மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேமித்து அனுப்பும் பேக்ஸ் சர்வரைக் கவனித்துக்கொள்பவருக்காகவும் எழுதப்பட்டது.

கோளாறுகளில் இரண்டு வகை உண்டு. படம் வராமல் இருப்பது, செயலி நின்றுபோவது போன்றவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றால் நேரம் வீணாகுமே தவிர, யாரும் ஏமாற மாட்டார்கள். படம் வந்திருக்கும், பார்க்கத் தெளிவாகவும் இருக்கும், ஆனால் அதில் தெரிய வேண்டிய ஒன்று தெரியாமல் போயிருக்கும். அபாயம் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. ஆகவே, பெரும்பாலான கையேடுகளைப் போல உள்நுழைவுச் சிக்கலில் தொடங்காமல், திரையில் வந்து நிற்கும் படத்திலிருந்து தொடங்குகிறேன்.

சாம்பல் நிற வேறுபாடுகள் மங்கலாக இருக்கின்றன, அல்லது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியும் சந்தேகம் எழுகிறது

முதலில் நோயாளியின் படத்தை விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாலோ, தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்தாலோ, பளபளப்பான கண்ணாடித் திரையில் அதன் பிரதிபலிப்பு விழுந்து, படத்தின் கருமையான பகுதிகளில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை மூடிவிடும். கார் இருக்கை, உணவகம், திருமண மண்டபம் ஆகிய மூன்றும் ஸ்கேன் பார்ப்பதற்கு உரிய இடங்கள் அல்ல என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அழைப்பு வருவதென்னவோ பெரும்பாலும் அங்கே இருக்கும்போதுதான்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதன ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2011 பிப்ரவரியில் 'மொபைல் எம்ஐஎம்' என்னும் செயலிக்கு ஒப்புதல் அளித்தபோது, ஐபேடிலும் ஐபோனிலும் சிடி, எம்ஆர்ஐ, பெட் படங்களைப் பார்க்க அனுமதித்தது. ஒர்க்ஸ்டேஷன் (நோய் கண்டறியும் திரைகள் கொண்ட கணினி) கைக்கு எட்டாத நேரத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனுடன் சேர்த்தது. அந்தச் செயலியிலேயே ஒரு சோதனை இருந்தது. திரையின் சிறு பகுதி மட்டும் சுற்றியுள்ளதைவிட மிகச் சிறிதளவு மாறுபட்ட சாயலில் தோன்றும். மருத்துவர் அதைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். தொட முடிந்தால் அந்த இடத்தின் வெளிச்சம் அவருடைய கண்ணுக்குத் தடையாக இல்லை என்று பொருள். உங்கள் செயலியில் இத்தகைய சோதனை இருந்தால், ஒவ்வொரு முறையும் அதைச் செய்த பிறகே படத்தைத் திறக்க வேண்டும்.

இல்லையென்றால், எஸ்எம்பிடிஇ சோதனைப் படத்தை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) வடிவில் ஒரு போலி நோயாளியின் பெயரில் சர்வரில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் முழுக்கறுப்புச் சதுரத்துக்குள் 5 சதவீதச் சாயலில் ஒரு சிறு சதுரமும், முழுவெள்ளைச் சதுரத்துக்குள் 95 சதவீதச் சாயலில் மற்றொரு சிறு சதுரமும் இருக்கும். இரண்டும் தனித்தனியே தெரிய வேண்டும். கறுப்புக்குள் இருப்பது தெரியாவிட்டால் அறை வெளிச்சத்தையோ பிரதிபலிப்பையோ சந்தேகிக்கலாம். வெள்ளைக்குள் இருப்பது மறைந்தால் திரை அமைப்பிலோ செயலியின் விண்டோ அமைப்பிலோ (எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை சாம்பல் சாயல்களாகக் காட்ட வேண்டும் என்ற தெரிவு) கோளாறு இருக்கிறது. நோயாளியின் படங்கள் வரும் அதே வழியில் இதுவும் வர வேண்டும் என்பது முக்கியம். இணையத்திலிருந்து இறக்கிய படத்தைக் கேலரியில் திறந்து பார்த்தால், அது செயலியைப் பற்றி எதையும் சொல்லாது.

அடுத்தது திரையின் அமைப்புகள். சூழலுக்கேற்பத் தானாக மாறும் பிரகாசம், ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் (இவ்விரண்டும் திரையின் நிறச்சாயலை மாற்றுபவை), வெள்ளைப் புள்ளியைக் குறைக்கும் அமைப்பு, பேட்டரி சேமிப்பு நிலை ஆகிய ஐந்தையும் அணைத்துவிட்டு, பிரகாசத்தைக் கையால் உயர்த்தி வையுங்கள். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி உள்ளிட்ட அமைப்புகளின் தொழில்நுட்பத் தரம், நோய் கண்டறியும் திரையின் உச்சப் பிரகாசம் சதுர மீட்டருக்குக் குறைந்தது 350 கேண்டெலா இருக்க வேண்டும் என்கிறது, மேமோகிராஃபிக்கு (மார்பக எக்ஸ்ரே) 420. அண்மைக்கால ஐபேடுகள் 500-ஓ அதற்கு மேலோ தர வல்லவை. ஆனால் இருட்டறையில் தானியங்கி அமைப்பு அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே தருகிறது. திரை நல்ல திரையாக இருந்தும் படம் மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மருத்துவத் திரைகள் டைகாம் தரத்தின் 14-ஆம் பகுதி வகுத்துள்ள சாம்பல் நிற வளைவின்படி அளவுதிருத்தம் செய்யப்படுகின்றன. டேப்லெட் திரைகள் அவ்வாறு செய்யப்பட்டு வருவதில்லை. சில செயலிகள் இந்த வேறுபாட்டை மென்பொருளால் ஈடுசெய்கின்றன. எனினும் அந்தத் திருத்தம் ஒரு குறிப்பிட்ட பிரகாசத்துக்குத்தான் பொருந்தும். நடுவில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்தால் திருத்தம் பொருளற்றதாகிவிடும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை தானாக மங்கினால், டேப்லெட் சூடேறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஐபேடுக்கு ஆப்பிள் வகுத்துள்ள பயன்பாட்டு வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரைதான். சித்திரை, வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறை அதைத் தாண்டிவிடும். சார்ஜரைப் பிடுங்கி, தடித்த உறையைக் கழற்றி, சிறிது நேரம் ஆற விடுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்; உள்ளே ஈரம் படியும். திரையில் விரல் ரேகைகள் படிந்திருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். நுரையீரல் படத்தின் கருமையில் எண்ணெய்ப் பிசுக்கு, மெல்லிய நிழலைப் போலவே தோன்றும்.

விண்டோவை மாற்றினாலும் புதிதாக எதுவும் தெரியவில்லை

தலை சிடியை மூளை விண்டோவில், அதாவது அகலம் 80, மையம் 40 என்ற அளவில் பார்க்கிறீர்கள். மண்டையோட்டை ஒட்டி மெல்லிய இரத்தப்படலம் இருந்தால், அதுவும் எலும்பும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடக்கூடும் என்பதால், அகலத்தை 200 வரை விரிக்கிறீர்கள். பிறகு எலும்பு முறிவைத் தேடி அகலத்தை 2,000-க்குக் கொண்டு செல்கிறீர்கள். அப்போது மண்டையோட்டின் வெளித்தகடு, உள்தகடு, நடுவிலுள்ள பஞ்சுபோன்ற எலும்பு ஆகிய மூன்றும் பிரிந்து தெரிய வேண்டும். அப்படிப் பிரியாமல், படம் முழுதும் சாம்பல் பூத்து, எலும்பு மட்டும் ஒரே தட்டையான பட்டையாக நின்றால், உங்களிடம் வந்திருப்பது மூலத் தரவு அல்ல.

சிடி இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் 12 பிட் அளவிலான மதிப்பைச் சேமிக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் அலகில், காற்று கழித்தல் 1,000, நீர் 0, அடர்ந்த எலும்பு ஆயிரத்துக்கும் மேல் என்று அந்த வரிசை போகும். சில வலைவழி வியூவர்கள் வேகத்துக்காக, ஏதோ ஒரு விண்டோவை முன்கூட்டியே பொருத்தி, 256 சாயல்கள் மட்டும் கொண்ட ஜேபெக் படமாக்கி அனுப்புகின்றன. அது மூளை விண்டோ என்றால், 80-க்கு மேல் இருந்த எல்லாமே ஒரே வெள்ளையாகிவிட்டிருக்கும். விரலை எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வராது. செயலியின் அமைப்புகளில் முழுத் தரம் அல்லது மூலத் தரவு என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத் தொடரை மீண்டும் இறக்குங்கள். அத்தகைய தெரிவே இல்லையென்றால், விண்டோ மாறும் ஒவ்வொரு முறையும் சர்வரே புதிய படத்தை உருவாக்கி அனுப்பும் வசதியாவது இருக்கிறதா என்று பேக்ஸ் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லாத செயலி, கண்டறிதலுக்கு உதவாது.

இதே அறிகுறியின் மோசமான வடிவம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வியூ பாக்ஸில் மாட்டிய ஃபிலிமையோ ஸ்கேன் இயந்திரத்தின் கன்சோல் திரையையோ கைபேசியில் படம் பிடித்து, 'சார், கொஞ்சம் பாருங்கள்' என்று அனுப்பிவிடுகிறார்கள். அதில் விண்டோ கிடையாது, அளவு கிடையாது, பெயர் பாதி வெட்டுப்பட்டிருக்கும், திரையைப் படம் பிடித்திருந்தால் அலை அலையாகக் கோடுகள் விழுந்திருக்கும். பெரிய இரத்தக்கசிவு இருக்கிறது என்பதை அதில் சொல்லிவிடலாம். இல்லை என்பதைச் சொல்லவே முடியாது. பக்கவாதம் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையே இயல்பாக இருக்கும் வேறுபாடு மறைவதைத்தான் தேடுகிறோம். அந்த வேறுபாடே ஏறத்தாழ பத்து ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு அளவில்தான் இருக்கும். அகலம் 80-இல் அது மொத்தச் சாயல் வரிசையில் எட்டில் ஒரு பங்கு, 40-ஆகக் குறைத்தால் நாலில் ஒரு பங்கு. கைபேசிக் கேமராவும் வாட்ஸ்அப்பின் சுருக்கமும் கடந்த பிறகு அதில் எதுவும் மிஞ்சாது. ஆகையால் இத்தகைய படத்துக்கு 'இயல்பாக இருக்கிறது' என்று பதில் அனுப்பாமல், மூலத் தொடரைச் சர்வருக்கு அனுப்பச் சொல்வதே சரி.

ஸ்லைஸ்கள் (உடலின் குறுக்குவெட்டுப் படங்கள்) குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது, அல்லது முறிவு இருக்க வேண்டிய இடத்தில் காணவில்லை

இறக்கம் பாதியில் நின்றாலும் சில செயலிகள் வந்தவரை வரிசைப்படுத்திக் காட்டிவிடும். விரலால் உருட்டும்போது இடையில் விட்டுப்போனவை தெரியவே தெரியாது. ஆகவே உருட்டத் தொடங்கும் முன், தொடரின் எண்ணிக்கையைச் செயலியில் பார்த்து, கன்சோலில் இருக்கும் டெக்னீஷியனிடம் 'குறுக்குவெட்டுத் தொடரில் எத்தனை படம்?' என்று தொலைபேசியில் கேளுங்கள். அரை நிமிட வேலை. எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், செயலியின் தற்காலிகச் சேமிப்பிலிருந்து அந்த ஸ்கேன் ஆய்வை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குங்கள். அப்போதும் அதே எண்ணிக்கைதான் என்றால் குறை சர்வரில் இருக்கிறது, இயந்திரத்திலிருந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

எண்ணிக்கை ஒத்துப்போயும் சந்தேகம் தீரவில்லை என்றால் தடிமனைப் பாருங்கள். இரவு நேர அவசரத்தில் 5 மில்லிமீட்டர் தொடரை மட்டும் அனுப்பிவிட்டு, 0.625 அல்லது 1.25 மில்லிமீட்டர் மெல்லிய தொடரைக் கன்சோலிலேயே வைத்துவிடுவது மிகவும் சாதாரணம். அதற்கு நெட்வொர்க் தாங்காது என்ற பழைய நம்பிக்கையும் ஒரு காரணம். ஸ்லைஸின் தளத்துக்கு இணையாக ஓடும் முறிவுக் கோடு, 5 மில்லிமீட்டரில் அக்கம்பக்கத்துத் திசுக்களோடு சராசரியாகிக் கரைந்துவிடும். மெல்லிய தொடரையும், எலும்புக்கான கூர்மை கொண்ட தொடரையும் கேட்டு வாங்குங்கள். வெவ்வேறு தளங்களில் மறுஉருவாக்கம் செய்யும் வசதி டேப்லெட்டில் இருந்தாலும், தடித்த தொடரிலிருந்து செய்தால் படிக்கட்டு போன்ற விளிம்புகள்தான் வரும்.

மார்பு எக்ஸ்ரே மென்மையாக, விளிம்புகள் மழுங்கித் தெரிகிறது

சிடி ஸ்லைஸ் 512-க்கு 512 புள்ளிகள் மட்டுமே கொண்டது. எந்த டேப்லெட்டிலும் அது பெரிதாக்கியே காட்டப்படுகிறது. எக்ஸ்ரே இதற்கு நேர்மாறு. 43-க்கு 35 சென்டிமீட்டர் தட்டில் 0.14 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால், ஏறக்குறைய 3,000-க்கு 2,500, அதாவது 75 லட்சம் புள்ளிகள். 2,048-க்கு 1,536 புள்ளிகள் கொண்ட ஐபேட் திரையில் இருப்பது சுமார் 31 லட்சம். முழுப்படத்தையும் திரைக்குள் அடக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட தகவல் கழிந்துவிடுகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பதைக் காட்டும் மெல்லிய கோடு, அப்படிக் கழிவதில் முதலில் போகக்கூடியது.

எனவே உண்மை அளவுக்குப் பெரிதாக்கி, நுரையீரலின் உச்சியில் தொடங்கி விலா எலும்புகளின் ஓரமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 264 புள்ளிகள் நெருங்கியிருக்கும் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், உண்மை அளவிலும் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். இரண்டு மடங்கு வரை பெரிதாக்கத் தயங்க வேண்டாம். பெரிதாக்கிய பிறகும் மழுங்கலாகவே இருந்தால், முன்னோட்டப் படம் மட்டுமே வந்திருக்கிறது, முழுப்படம் இன்னும் வரவில்லை. செயலியின் ஓரத்தில் சுழலும் குறியைப் பாருங்கள். மேமோகிராஃபியை டேப்லெட்டில் திறக்கவே வேண்டாம். அதற்கு 50 லட்சம் புள்ளிகள் கொண்ட, தனியாக அளவுதிருத்தம் செய்யப்பட்ட திரைகள் இருக்கின்றன.

கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக இருக்கின்றன, அல்லது இடவலம் குழம்புகிறது

எக்ஸ்ரே படத்தில் எலும்பு கறுப்பாகவும் நுரையீரல் வெள்ளையாகவும் வந்தால் பதற வேண்டியதில்லை. டைகாம் கோப்பில் மோனோகுரோம் 1, மோனோகுரோம் 2 என்று இரண்டு வகைகள் உண்டு. முதலாவதில் மிகச் சிறிய மதிப்பு வெள்ளை, இரண்டாவதில் கறுப்பு. அந்தக் குறிப்பைப் படிக்காத செயலி தலைகீழாகக் காட்டுகிறது. ஐபேடின் அணுகல் அமைப்புகளில் நிறங்களைப் புரட்டும் வசதி தவறுதலாக இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். அப்போது மற்றச் செயலிகளும் புரண்டிருக்கும்.

இடவலக் குழப்பம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. சிடியில் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்புறத்தில் இருக்க வேண்டும். வயிற்றுப் படத்தில் கல்லீரலே வழிகாட்டும். தலைப்படத்தில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. செயலி காட்டும் திசை எழுத்துகள் மூலக் கோப்பின் திசைத் தகவலிலிருந்து வருகின்றனவா, யாரோ படத்தில் பதித்தவையா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் பட்டுப் படம் புரண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், பார்வையை ஆரம்ப நிலைக்கு மீட்டெடுத்துவிட்டுத் தொடருங்கள்.

நோயாளியின் பெயர் பட்டியலில் இல்லை

நள்ளிரவு கடந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பட்டியல் 'இன்று' என்று வடிகட்டப்பட்டிருந்தால், 11.50-க்கு எடுத்த ஸ்கேன் 12 மணிக்குப் பிறகு மறைந்துவிடும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு சென்னை ஸ்கேனைப் பார்ப்பவருக்கு, இரண்டரை மணி நேர வித்தியாசத்தால் இது சென்னை நேரப்படி இரவு 9.30-க்கே நடந்துவிடலாம். வடிகட்டியை மூன்று நாளாக விரித்தால் போதும்.

அப்படியும் இல்லையென்றால், பெயரை விட்டுவிட்டுப் பதிவு எண்ணால் தேடுங்கள். அவசரப் பிரிவில் 'பெயர் தெரியாதவர்' என்று பதிவாகியிருக்கலாம், தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறியிருக்கலாம். அதுவும் தோல்வியுற்றால், கன்சோலின் அனுப்பு வரிசையில் அந்த ஆய்வு தேங்கி நிற்கிறதா என்று டெக்னீஷியன் பார்க்க வேண்டும். ரௌட்டரையோ சர்வரையோ மாற்றிய மறுநாள் இது நிகழ்ந்தால், ஏஇ தலைப்பு (டைகாம் இணைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள பெயர்), ஐபி முகவரி, போர்ட் எண் ஆகிய மூன்றையும் பேக்ஸ் பொறுப்பாளர் சரிபார்க்க வேண்டும். ஏஇ தலைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. நடுவில் புகுந்த ஓர் இடைவெளி கூட இணைப்பை மறுக்க வைத்துவிடும்.

பட்டியல் வருகிறது, படம் வரவில்லை, அல்லது வெகுநேரம் ஆகிறது

வெறும் தாமதமா, கோளாறா என்பதை ஒரு கணக்கால் பிரித்துவிடலாம். ஒரு சிடி ஸ்லைஸ் சுமார் அரை மெகாபைட். ஐந்நூறு ஸ்லைஸ் என்றால் 250 மெகாபைட், அதாவது 2,000 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில், சுருக்கம் இல்லாவிட்டால் 200 நொடிகள் ஆகும். மூன்றரை நிமிடத்தில் வந்துவிட்டால் அது கோளாறு அல்ல. சுருக்கம் இயங்கவில்லை என்பது மட்டுமே. தகவல் இழப்பில்லாத சுருக்கத்தைச் சர்வரில் இயக்கச் சொல்லுங்கள்.

பெயர்ப் பட்டியல் நொடியில் வந்து, படம் மட்டும் ஒரு ஸ்லைஸ் கூட வராமல் நின்றால் வேறு காரணம் இருக்கிறது. விபிஎன் (மருத்துவமனை நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) உறையால் பருத்துப்போன பெரிய தரவுப் பொட்டலங்கள் வழியில் எங்கோ கைவிடப்படுகின்றன, சிறியவை மட்டும் கடந்து வருகின்றன. வேறு இணைப்புக்கு மாறிப் பாருங்கள்; அதில் வந்துவிட்டால், விபிஎன்-இன் எம்டியு அளவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1,300 பைட் அளவுக்குக் குறைக்கும்படி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சர்வரைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்வதால் இது தீராது.

இறக்கத்தின் நடுவே வாட்ஸ்அப்புக்குத் தாவினால், ஐபேட் அந்தச் செயலியை உறங்க வைத்துவிடும், இறக்கமும் நின்றுவிடும். முடியும்வரை செயலியை முன்னால் வைத்திருங்கள், திரைப்பூட்டு நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். ஆயிரம் ஸ்லைஸ் கடந்த ஆஞ்சியோகிராம்களில் செயலி திடீரென மூடிக்கொண்டால் நினைவகம் போதவில்லை என்று பொருள். பிற செயலிகளை மூடிவிட்டு, தேவையான ஒரு தொடரை மட்டும் திறக்க வேண்டும்.

உள்நுழைய முடியவில்லை

டேப்லெட்டின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாது. சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். 'பரவாயில்லை, தொடர்க' என்பதை அழுத்தாமல் தெரிவித்துவிடுங்கள்.

அளவுகள் நம்பும்படியாக இல்லை

அளவு மில்லிமீட்டரில் வராமல் புள்ளிகளில் வந்தால், அது திரைப்பிடிப்பாகச் சேமித்த படம். புள்ளி இடைவெளித் தகவல் அதில் இல்லை. எக்ஸ்ரேயில் வரும் அளவு பெரும்பாலும் டிடெக்டர் தளத்தில் எடுத்தது, உடலுக்குள் இருக்கும் உண்மையான அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். சிறிய முடிச்சுகளை அளக்கும்போது, விரல் நுனியே முனைப்புள்ளியை மறைத்துவிடுகிறது, ஸ்டைலஸ் பயன்படுத்துங்கள்.

ஸ்கேன் படங்கள் குடும்பப் புகைப்படங்களோடு கலந்து கிடக்கின்றன

கருத்துக் கேட்பதற்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள், ஐகிளவுட் வழியாக வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கேலரியிலும், அண்மையில் நீக்கியவை என்ற கோப்புறையிலும் அழியுங்கள். பணிக்கான டேப்லெட்டில் புகைப்பட ஒத்திசைவை அணைத்து வைப்பதும், செயலிக்குள்ளேயே படத்தைக் குறித்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வு.

எதிலும் அடங்காத கோளாறு

செயலியை மூடித் திறக்கும் முன், நேரம், நோயாளியின் பதிவு எண், எந்த இணைப்பில் இருந்தீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தியின் சரியான வாசகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்; மூடித் திறந்தால் அந்தச் செய்தி போய்விடும், சர்வரின் பதிவேட்டில் தேடுபவருக்கு நேரம் ஒன்றுதான் பிடி. அவசரப் பிரிவுக்குச் சொல்லும் முடிவில், டேப்லெட்டில் பார்த்தது என்பதையும், எந்தெந்தத் தொடர்கள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். காலையில் ஒர்க்ஸ்டேஷனில் அமர்பவர் எதை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்வார்.